கோடை லீவில் பிள்ளைக்கு ஒரு தன்னார்வ வேலை: ராமநாதபுரம் கடற்கரையில் நாங்கள் தேடிக் கண்டது

பத்தாவதோ பன்னிரண்டாவதோ எழுதி முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, இந்த லீவில் நாலு பேருக்கு உதவியாக ஏதாவது செய்யட்டும், சம்பளம் வேண்டாம், செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற அப்பா அம்மாக்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே அனுப்புவது என்பதுதான் தெரிவதில்லை. நாங்கள் உச்சிப்புளியில் இருக்கிறோம். மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாவது முடித்திருந்தாள். ராமேஸ்வரத்தில் இருக்கிற அண்ணன் மகனுக்குப் பதினேழு, பிளஸ் டூ முடித்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கோடையில் தேடினோம், கிடைத்தது, நல்லபடியாகவும் நடந்தது. அதை விவரமாகவே எழுதுகிறேன். பெரிய நகரங்களில் இருப்பவர்கள் சொல்கிற வழிகள் இந்தக் கடற்கரைக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். 'தன்னார்வலர்கள் தேவை' என்று அறிவிப்பு போட்ட இடத்தைத் தேடிப் போனால் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு இங்கே கதவு திறப்பது கஷ்டம். அதற்குப் பதிலாக, உங்கள் ஊரிலேயே யாரோ ஒருவர் ஒற்றை ஆளாக இழுத்துப் பறித்துச் செய்துகொண்டிருக்கிற வேலை எது என்று பாருங்கள். நூலகரோ, அங்கன்வாடி டீச்சரோ, மகளிர் குழுத் தலைவியோ, வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலரோ, அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவருக்குக் கூட ஒரு கை வேண்டியிருக்கும். ஆனால் அதை அவர் எந்த இணையதளத்திலும் போட மாட்டார். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

வயதுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், பிள்ளைகள் அங்கேதான் சோர்ந்து போகிறார்கள். ரத்த தானத்துக்குப் பதினெட்டு ஆக வேண்டும். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் பதினெட்டுதான் கேட்கின்றன, பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம் அவர்களுக்கு, அது நியாயமான பயமும்கூட. மத்திய அரசு 2023 அக்டோபர் 31-இல் இளைஞர்களுக்காக ஆரம்பித்த மை பாரத் இணையதளத்தில் 15 முதல் 29 வயது வரை பதிவு செய்யலாம். அதில் பதிந்து வைப்பது நல்லது, ஆனால் நம் ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது வருகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத்தான். பத்தாவது முடித்த பிள்ளை இந்த லீவில் இரண்டுங்கெட்டானாக நிற்கும். பழைய பள்ளியின் பட்டியலிலிருந்து பெயர் போயிருக்கும், புதிய பள்ளியில் இன்னும் சேர்ந்திருக்காது. எங்கள் மகளுக்கு அதுதான் நிலைமை. கடல் ஆராய்ச்சி செய்கிற இடங்களிலும் விசாரித்தோம், கல்லூரியில் சேர்ந்த பிறகு வரட்டும் என்று அன்பாகவே சொன்னார்கள்.

இன்னொரு சங்கதி, காலம். ராமநாதபுரம் கடற்கரை என்றதும் எல்லோருக்கும் ஆமை, பறவை, பவளப்பாறை என்றுதான் நினைப்பு ஓடும், பிள்ளைகளும் அந்த ஆசையில்தான் வருவார்கள். ஆனால் இவை எதுவும் மே மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவது ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். ஆக, ஏப்ரலில் வேலை மும்முரமாக இருக்கும், மே பாதியில் கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று நம் மாவட்டத்துக் கண்மாய்ச் சரணாலயங்களில் பறவைகள் கூடு கட்டுவது வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வந்த பிறகு. கத்திரி வெயிலில் போனால் வெடித்துக் கிடக்கிற களிமண்ணைத்தான் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பிள்ளையைத் தீவுக்குக் கூட்டிப்போய்த் தன்னார்வ வேலை தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக் கடிதத்தை முதலில் கேளுங்கள்.

சரி, மே மாதத்தில் இங்கே என்னதான் இருக்கிறது? மனிதர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். அப்பாக்கள் வலை பார்த்துக்கொண்டும் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் ஊரில் இருக்கிறார்கள், கையில் காசு குறைவு. பள்ளிக்கூடமும் மூடியிருக்கிறது, அதனால் சின்னப் பிள்ளைகள் காலையிலிருந்து தெருவில். கல்லூரி விண்ணப்பம் போட வேண்டிய அக்காக்களும் அண்ணன்களும் எந்தப் பேப்பர் எங்கே வாங்குவது என்று தெரியாமல் அலைகிறார்கள். தண்ணீர்க் கஷ்டம் வேறு. பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை அத்தனையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மகளுக்கு அமைந்தது ஊர்ப்புற நூலகம். இதை நான் எல்லோருக்கும் முதல் யோசனையாகச் சொல்வேன். பெரும்பாலான ஊர்ப்புற நூலகங்களில் ஒருவர்தான் பொறுப்பு, திறப்பதும் பெருக்குவதும் பதிவேடு எழுதுவதும் அவரேதான். நூலகத்தோடு சேர்ந்து வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், அதன் தலைவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார். அவரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது, அவர் சொன்னால் நூலகரும் தயங்காமல் ஒத்துக்கொள்வார். நாங்கள் போனபோது நான் வாயே திறக்கவில்லை. மகளே பேசினாள்: "சார், திங்கள், புதன், சனி மூணு நாளும் காலைல ஒன்பதரைலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் வர்றேன். மே கடைசி வரைக்கும் வருவேன். என்ன வேலை குடுத்தாலும் செய்றேன்." அவ்வளவுதான். 'ஏதாவது உதவி செய்யட்டுமா' என்று பொதுவாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டு, பார்க்கலாம்மா என்பார். எந்த நாள், எத்தனை மணி, எதுவரைக்கும் என்று சொன்னால் உடனே அவருக்கு ஒரு வேலை ஞாபகம் வரும். அந்த சாருக்கும் வந்தது. கரையான் அரித்த ஒரு அலமாரியை அன்றைக்கே காட்டினார்.

முதலில் தூசி தட்டுவதும் அடுக்குவதும்தான். முதுகில் ஒட்டியிருந்த எண் மங்கிப்போன புத்தகங்களுக்குப் பதிவேட்டைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதி ஒட்டினாள். சலிப்பான வேலை. ஆனால் அந்தச் சலிப்பான வேலையைச் சரியாகச் செய்த பிறகுதான் அடுத்த வேலை வரும், எந்த இடத்திலும் அப்படித்தான். வந்தது. பக்கத்துக் கடற்கரைத் தெருவிலிருந்து மூன்றாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகள் ஃபேன் காற்றுக்காக உள்ளே வந்து தரையில் உட்கார ஆரம்பித்தார்கள். அம்மா கடல்பாசி எடுக்கக் காலையிலேயே போயிருப்பார், அப்பத்தா வீட்டில் படுத்திருப்பார். "இவுகளுக்கு எதாச்சும் வாசிச்சுக் காட்டுத்தா" என்று நூலகர் சொன்னார்.

வாசித்துக் காட்டினாள், யாரும் உட்காரவில்லை. கதைப் புத்தகத்தில் காடும் சிங்கமும் வந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. எழுத்துக் கூட்டச் சொன்னால் முகம் சுருங்கிவிடும், அது பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நேற்று வீட்டில் என்ன மீன் என்று கேட்டு, பிள்ளை சொல்லச் சொல்லப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். சீலா. பாறை. ஊளி. முரல். கிளாத்தி. நகரை. விளமீன். சொன்ன பிள்ளைதான் வாசிக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் மூன்றெழுத்துச் சொல்லுக்கே திணறிய பையன் 'கிளாத்தி'யைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தான், அது அவன் சொன்ன சொல். அடுத்த நாள் ஒரு பெண் குழந்தை வீட்டிலிருந்து மீனையே பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து, "நீங்க எழுதுனது தப்புக்கா, இது பேச்சாளை, சூடை இல்ல" என்று சண்டை போட்டது. அதற்கப்புறம் பிள்ளைகள் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. வலையின் பெயர், காற்றின் பெயர், கச்சான் வீசினால் எந்தப் பக்கம் அலை கூடும் என்பதெல்லாம் தாளில் ஏறியது. மே கடைசியில் அந்தத் தாள்களை நூல் போட்டுக் கட்டி நூலகத்திலேயே வைத்தார்கள். எல்லாப் பிள்ளையும் சரளமாக வாசித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வாசிக்கப் பயப்படாமல் ஆனார்கள், நான்கைந்து பேர் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கிற ஒரு அக்கா இருந்ததால் நடந்தது அது, வேறு மந்திரம் இல்லை.

இதையே செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டியூஷன் மாதிரி ஆக்காதீர்கள், தேர்வு வைக்காதீர்கள், மிட்டாய் கொடுத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள். எட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு மேல் ஒரு ஆள் சமாளிக்க முடியாது. வருகிற பிள்ளைகளின் அம்மாவை ஒருமுறையாவது பார்த்து, யார் வீட்டுப் பெண், எதற்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று பேசிவிட வேண்டும்.

கடற்கரைச் சுத்தம். எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், ஜூன் 8 பெருங்கடல் தினம், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாள் என்று தேதி பார்த்துப் பேனர் பிடித்து ஒரு மணி நேரம் பொறுக்குவது நடக்கிறது. அதற்கும் போகலாம், குற்றமில்லை. ஆனால் அது தன்னார்வப் பழக்கம் ஆகாது. வாரத்துக்கு ஒருநாள், ஒரே துண்டுக் கரை, இந்தப் பனைமரத்திலிருந்து அந்தப் படகு வரைக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் என்ன ஒதுங்குகிறது, எங்கேயிருந்து வருகிறது என்று பிள்ளைக்கே புரியும். மகளும் அவள் தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் போவார்கள், ஒரு தோழியின் சித்தி கூடப் போவார். எட்டு மணிக்குள் முடித்துவிடுவார்கள்.

அதில் நாங்கள் கற்றதைச் சொல்கிறேன். பொறுக்குவதற்கு முந்தின நாளே பஞ்சாயத்தில் சொல்லி, தூய்மைக் காவலரின் வண்டி எந்தக் கிழமை வரும் என்று கேட்டு அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கட்டி வைத்த மூட்டையை ராத்திரியே நாய் கிழித்துவிடும், காற்று எல்லாவற்றையும் பழையபடி கரையில் பரப்பிவிடும். மருந்துப் பாட்டில், ஊசி எல்லாம் ஒதுங்கும், வெறுங்கையால் தொடக் கூடாது, தடித்த கையுறை வேண்டும், செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. சொறி, அதாவது ஜெல்லி மீன், ஒதுங்கிக் கிடந்தால் செத்தது என்று நினைத்துக் குச்சியால்கூடக் கிளற வேண்டாம், செத்தாலும் அரிக்கும். பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாகக் குவிந்து கிடக்கிற கடல்புல் குப்பை இல்லை, அதை வாரி எடுக்காதீர்கள். அது கரையைப் பிடித்து வைத்திருக்கிறது, நண்டுக்கும் பூச்சிக்கும் சாப்பாடு. தங்கூசி என்கிற நைலான் நரம்பு வலைத் துண்டுகள்தான் மோசமானவை, மண்ணுக்குள் பாதி புதைந்திருக்கும், இழுத்தால் கையை அறுக்கும். கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு வெட்டி எடுக்க வேண்டும். எரிக்கவே கூடாது. அப்புறம், மீனவர் கரையில் காயப்போட்ட வலையையும் வீசியெறிந்த வலையையும் பார்த்ததும் பிரித்தறியத் தெரியாது, கேட்காமல் எதையும் தொடாதீர்கள். ஆமையோ கடல் பசுவோ செத்து ஒதுங்கியிருந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்குக் கடல் பைத்தியம். பிளஸ் டூ தேர்வு மார்ச்சிலேயே முடிந்துவிடுவதால் ஆமைக் காலத்தின் கடைசிப் பகுதி அவனுக்குக் கிடைத்தது. பத்தாவது எழுதுகிறவர்களுக்கு இது கிடைப்பது கடினம். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. அங்கே வேலை பார்க்கிற வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் அண்ணனுக்குப் பழக்கம். அவர் சொன்னபடி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, அண்ணனின் சம்மதக் கடிதமும் ஆதார் நகலும் வைத்துக் கொடுத்தார்கள். பகலில் மட்டும் வரலாம், காவலர் இருக்கும்போது மட்டும் உள்ளே வரலாம், முட்டையைத் தொடக் கூடாது என்று நிபந்தனை. ஆமை, காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், ஆர்வத்தில் யாரும் கை வைத்துவிட முடியாது. ராத்திரி ரோந்துக்கும் வருகிறேன் என்று துடித்தான், காவலரே மறுத்துவிட்டார். சரியான முடிவு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இரவில் தனுஷ்கோடிக் கோடியில் இருக்கிற அரிச்சல்முனைப் பக்கம் வேலை இல்லை.

அவனுக்குக் கிடைத்தது வேலியைச் சரிபார்ப்பது, நாயையும் காகத்தையும் விரட்டுவது, குழிக்குழியாக நட்டிருக்கிற அட்டைகளில் தேதி அழிந்திருந்தால் திரும்ப எழுதுவது. ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் முட்டை இருக்கும். குஞ்சுகள் வெளியேறிய பிறகு குழியைத் தோண்டி வெற்று முட்டை ஓடுகளையும் பொரியாத முட்டைகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும், காவலர் எண்ணுவார், இவன் நோட்டில் எழுதுவான். அந்த ஓடு கோழி முட்டை ஓடு மாதிரி நொறுங்காது, நனைந்த காகிதம்போல மடங்கும். அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். முதல் நாள் சோறு இறங்கவில்லை என்று அண்ணி சொன்னார், ஆனால் மறுநாளும் போனான். குஞ்சு விடுகிற காலையில் கூட்டம் வரும். குழந்தைகள் கையில் எடுக்கக் கேட்பார்கள், டார்ச் அடிப்பார்கள், படம் பிடிக்க முன்னே போய் நிற்பார்கள். குஞ்சு தானே மணலில் நடந்து தண்ணீருக்குப் போக வேண்டும், வெளிச்சம் பட்டால் திசை மாறிவிடும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லி ஒதுக்கி நிறுத்துகிற வேலையை இவனிடம் கொடுத்தார்கள். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பையன், அங்கே வெளியூர் ஆட்களிடம் நிறுத்தி நிதானமாகப் பேசினான்.

ஆமை வேலை இருக்கும்போதே ஏப்ரலில் ஆரம்பித்து மே மாதமும் அவன் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. தன் தெருவில், கூடப் படித்தவர்களில், கல்லூரி விண்ணப்பம் போடத் தெரியாத பிள்ளைகளோடு உட்கார்ந்தான். அப்பா அம்மா இருவரும் படிக்காத வீடுகள். மதிப்பெண் நன்றாக இருக்கும், சாதிச் சான்றிதழ் இருக்காது. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினால் பொறியியல் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதே தெரியாது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடஒதுக்கீடு, பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று இருக்கிறதெல்லாம் பேச்சுவாக்கில் கேட்டிருப்பார்கள், எந்தச் சான்று வேண்டும் என்று தெரியாது. இவன் ஒரு தாளில் கையால் எழுதி வைத்துக்கொண்டான்: என்னென்ன சான்று, எது இ-சேவை மையத்தில், எது பள்ளியில், எதை முதலில் வாங்க வேண்டும். அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் போனது. தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும், அதனால் ஏப்ரலிலேயே சான்றுகளை வாங்க வைத்தான்.

இந்த வேலையில் பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. பாஸ்வேர்டை விண்ணப்பிக்கிற பிள்ளையின் நோட்டில் அந்தப் பிள்ளையே எழுதிக்கொள்ள வேண்டும், உதவுகிறவர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓடிபி அந்தக் குடும்பத்தின் போனுக்குத்தான் வர வேண்டும். யாருடைய ஆதார் படமும் நம் பிள்ளை போனில் தங்கக் கூடாது, வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கணும். கடைசியாக 'சமர்ப்பி' என்ற பொத்தானை விண்ணப்பிக்கிறவரே அழுத்த வேண்டும். வங்கிக் கணக்கு, நிவாரணப் பணம் சம்பந்தப்பட்ட எதிலும் பள்ளிப் பிள்ளை கை வைக்க வேண்டாம், அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் தாங்காது.

பெண் பிள்ளையை அனுப்புகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த நேரத்தில் அங்கே வேறு யார் இருப்பார்கள், பெரிய பெண்மணி ஒருவராவது இருக்கிறாரா, கழிப்பறை உண்டா, திரும்பி வருகிற பஸ் எத்தனை மணிக்கு, மூடிய அறையில் தனியாக வேலை வருமா. கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்துக்கு அனுப்பவே வேண்டாம். ஆண் பிள்ளைக்கும் இதே கேள்விகள்தான், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். பைக் கொடுத்து அனுப்பாதீர்கள், நம் கடற்கரைச் சாலையில் லைசென்ஸ் இல்லாத பிள்ளைகள் பறக்கிறதைப் பார்க்கிறோமே. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறக் கூடாது, எந்த நல்ல காரியமாக இருந்தாலும். வெயிலும் அப்படித்தான், மே 4-இலிருந்து அக்னி நட்சத்திரம், பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளி வேலை கிடையாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சான்றிதழ் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களிடம் ஒரு இடத்தில் பணம் கட்டினால் முகாமும் சான்றிதழும் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டோம். உழைப்பைக் கொடுக்க வருகிற பிள்ளையிடம் காசு கேட்கிற இடத்தில் அந்த உழைப்புக்குத் தேவை இல்லை என்றுதான் அர்த்தம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது, தன்னார்வச் சான்றிதழால் ஒரு இடமும் ஏறாது. வெளிநாட்டுப் படிப்புக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் பயன்படலாம். அப்படித் தேவைப்பட்டால் நூலகரோ வாசகர் வட்டத் தலைவரோ, எந்த மாதம், என்ன வேலை செய்தாள் என்று கையால் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பிள்ளை தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்திருந்தால் அந்த நாலு வரியும் உண்மையாக இருக்கும். ஒரு வேலை உண்மையான வேலையா என்று பார்க்க நான் வைத்திருக்கிற அளவு, பிள்ளை ஒரு நாள் போகாவிட்டால் யாராவது ஏன் வரவில்லை என்று தேடுகிறார்களா என்பதுதான். மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று மீன்காரத் தெருவுப் பிள்ளைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

நூலகம், ஆமைப் பொரிப்பகம் இரண்டுமே உங்கள் ஊரில் இல்லை என்றால் வேறு இடங்களும் உண்டு. கோயில்களில் உழவாரப்பணிக் குழுக்கள் இருக்கின்றன, கோயிலைச் சுத்தம் செய்கிற வேலை, அப்பர் காலத்திலிருந்து வருகிற தொண்டு, அப்பா அம்மாவோடு குடும்பமாகவே போகலாம். சர்ச்சில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும், ஜமாஅத்தில் கோடைக்கால தீனியாத் என்கிற மார்க்க வகுப்பு நடக்கும், சின்னப் பிள்ளைகளை மேய்க்க இரண்டு இடத்திலும் பெரிய பிள்ளைகள் தேவைப்படுவார்கள். பஸ் ஸ்டாண்டு, சந்தைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்களிடம் கேட்டால் பானை நிரப்பவும் டம்ளர் கழுவவும் ஆள் வேண்டும் என்பார்கள். பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது, பேச்சில் ஆர்வமுள்ள பிள்ளை அங்கே கேட்டுப் பார்க்கலாம். வெளியே அனுப்பவே முடியாத சூழ்நிலை என்றால் தமிழ் விக்கிமூலம் என்கிற இணைய நூலகத்தில் பழைய நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்க்கிற வேலை எப்போதும் இருக்கிறது. நாட்டுடைமை ஆன நூல்கள், ஒரு பக்கம் பார்த்தாலும் பயன்தான், மத்தியான வெயிலுக்கு ஏற்றது. தட்டச்சும் பழகும், எழுத்துப்பிழையும் குறையும்.

பிள்ளை பாதியில் போக மாட்டேன் என்று சொன்னால்? சொல்லும், பத்துப் பதினைந்து நாளில் ஒரு சலிப்பு வரும். சொன்ன தேதிவரை போகவேண்டும் என்று நாங்கள் முதலிலேயே பேசியிருந்ததால் அது பெரிதாகவில்லை. ஆனால் அங்கே யாராவது மரியாதையில்லாமல் நடத்தினாலோ, மனதுக்குச் சரியாகப் படாத ஒன்று நடந்தாலோ, தேதியெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளையோடு தினமும் சாப்பிடும்போது ஐந்து நிமிஷம் பேசினால் போதும், விசாரணை மாதிரி இல்லாமல்.

ஜூனில் பள்ளி திறந்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வராமல் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். மகள், பக்கத்துத் தெருவில் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தியைக் கடைசி வாரம் கூடவே உட்கார வைத்துவிட்டு வந்தாள். இப்போது சனிக்கிழமை மட்டும் அந்தப் பெண் பார்க்கிறாள், மகள் முடிந்தபோது போகிறாள். அண்ணன் மகன், என்னென்ன சான்று வேண்டும் என்று தான் எழுதிய தாளைப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு நகல் கொடுத்தான், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு.

வரும் கோடைக்கு யோசிக்கிறவர்கள் ஆமைப் பொரிப்பகத்துக்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பம் கொடுங்கள், மற்ற இடங்களுக்கு ஏப்ரல் முதல் வாரம் போய்க் கேளுங்கள். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. விண்ணப்பத்தில் பிள்ளையின் வயது, வரக்கூடிய நாள், நேரம், எதுவரைக்கும் என்பதோடு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுப் போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். அது இல்லாமல் போனால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.